பாக்கு வாங்கியிருக்கேன்

என் அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் சாமிதான். பலாக்காயில் ஒரு புடைப்பு இருந்தால் அதில் அவளுக்கு முகம் தெரிந்துவிடும். மரவள்ளிக் கிழங்கு இரண்டாகப் பிரிந்து வளர்ந்திருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, “கொழம்புக்கு வேற கெழங்கு தோண்டிட்டு வா” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பியின் பையிலிருந்து அந்த மரப் பொம்மைகள் வெளியே வந்தபோது அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். எதுவும் தோன்றுகிற நிலையில் அப்போது நான் இல்லை.

தம்பி ஜப்பானில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஐப்பசியில் ஒருநாள் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். உடலைக் கொண்டுவர முடியாமல் அங்கேயே எரித்துவிட்டார்கள். மார்கழிக் குளிரில் சாம்பலாகத்தான் அவன் மலையேறி வந்தான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பையன் நாமக்கல் பக்கத்துக்காரன். அந்த வேலையே வேண்டாமென்று ஊருக்குத் திரும்பியவன், சாம்பல் இருந்த சொப்பையும் ஒரு தோள்பையையும் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கீழே காளப்பநாயக்கன்பட்டியில் எங்களுக்குச் சொந்த வீடு உண்டு. ஆனால் அப்பா மலைமேல் திண்ணனூர் நாட்டில் வாங்கிப்போட்ட மிளகுத் தோட்டத்தை விட்டு அம்மா இறங்க மாட்டாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் நானும் இவளிடமே வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவும் நானும், ஒரு கறவை மாடு, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். வீட்டுக்குள் சிக்னல் வராது. நாங்கள் இருவரும் பலா மரத்தடிக்குப் போய், மரத்துக்கும் வேலிக்கும் நடுவே ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்போம். அங்கே ஓர் அடி தள்ளி நின்றாலும் பேச்சு அறுந்துவிடும்.

அம்மாவிடம் இரண்டு கேள்விகள்தான் இருந்தன. “சோறு தின்னயா கண்ணு?” என்பாள். “தின்னேங்கம்மா” என்பான். “சாமி கும்புட்டயா?” என்பாள். “இங்க ஏதுங்கம்மா நம்ம கோயிலு?” என்பான். அதற்கு அவள் பிடித்துக்கொள்வாள். ஒரு படமாவது வாங்கி மாட்டக்கூடாதா, சாமி இல்லாத அறையில் எப்படித்தான் படுக்கிறாயோ, உனக்குக் கூறு இருக்கிறதா என்று சிக்னல் போகும்வரை திட்டுவாள். அவன் சிரித்துக்கொண்டே இருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்டது. “அம்மா, ஒரு பாக்கு வாங்கியிருக்கேன்” என்றான். நடுவில் என்னவோ சொன்னது கேட்கவில்லை. “இப்பப் பரவால்லீங்கம்மா” என்று முடித்தான். அவ்வளவுதான், அம்மா ஆடிவிட்டாள். “பாக்குப் போடறயா? என்ற வாயப் பாத்துமா ஒனக்குப் புத்தி வரலே? பல்லு ஒண்ணொண்ணாக் கொட்டிப் போயிருமடா!” என்றாள். இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் வெற்றிலையும் பாக்கும் இல்லாமல் வாசலைத் தாண்டாதவள் இவள். அவன், “செரிங்கம்மா, போடமாட்டேன்” என்றான். போனை வைத்ததும் நான் அம்மாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். அதன்பிறகு நாங்கள் இருவரும் அதை மறந்துபோனோம்.

பையில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு சட்டை, ஒரு கம்பளி, சவரக்கத்தி, அவனுடைய மூக்குக் கண்ணாடி. ஒரு தகர டப்பாவில் துணி சுற்றி மூன்று மரப் பொம்மைகள். ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது, உள்ளங்கையில் மூடிவிடலாம். எத்தனையோ கைபட்டுப் பழுத்த மரம். புளியங்கொட்டை நிறத்தில் மினுமினுத்தது. அடிவயிற்றில் இரண்டிரண்டு ஓட்டைகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பாதத்தின் அடியில் நகக்கீறல்போல ஏதோ எழுத்து. ஒன்றுக்குச் சிறகு இருந்தது. இவ்வளவு சின்ன மரத்துண்டில் இறகின் ஒவ்வொரு வரியையும் ஒரு மனுசன் கண்ணை வைத்துச் செதுக்கியிருக்கிறான். அதைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அவனுக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறதே என்று கோபம்தான் வந்தது.

அம்மா மூன்றையும் வாங்கித் தரையில் வரிசையாக வைத்தாள். முதலாவதற்கு அலகும் சிறகும் மனுச உடம்பும் இருந்தன. “கருடாழ்வாரு” என்றாள். இரண்டாவது முதுகில் ஓட்டோடு குந்தியிருந்தது, தலை உச்சியில் கிண்ணம்போல ஒரு குழி. “ஆமை. இது ஊட்டுக்குள்ள ஆகாது” என்று அதை வெளியே தூக்கி மாட்டுக்கொட்டகைச் சுவரில் வைத்தாள். மூன்றாவதை எடுத்ததும் அவள் கை நின்றுவிட்டது. துதிக்கை, சின்னக் கண், இரண்டு கொம்பில் ஒன்று முறிந்தது.

“பிள்ளையாரு” என்றாள்.

“பிள்ளையாருக்கு ஏம்மா பிடரி மசுரு?” என்றேன். கழுத்தைச் சுற்றிச் சுருள்சுருளாக மயிர் இருந்தது. முன்னங்காலைப் பார்த்தால் புலிக்கால்.

“அந்த ஊருக் குளுருக்கு வளந்திருக்கும். கொம்பப் பாரு, ஒண்ணு ஒடஞ்சிருக்குது. வேற யாருக்கு அப்படி இருக்கும்?”

“மூஞ்சூறு எங்கே?”

“ஏரோப்ளேன்ல மூஞ்சூற ஏத்துவாங்களா? போடி இவளே” என்றாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் வாயில் அப்படி ஒரு பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.

வாசலில் நின்ற பையன், “அது மட்டும் அண்ணனோட தலகாணிக்கு அடியில இருந்துச்சுங்க” என்றான். அம்மா அதைக் கேட்டு, “சாமியத் தலகாணிக்கு அடியிலயா வெப்பாங்க, கூறு கெட்டவன்” என்று சொல்லிக்கொண்டே அழுதாள். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறான் பார், யாருக்கும் தெரியாமல் சாமி கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான் பார் என்று அவளுக்குள் ஓடியது எனக்குத் தெரிந்தது. கருடனையும் பிள்ளையாரையும் சாமி அலமாரியில் வைத்தாள். பிள்ளையாருக்கு மட்டும் சந்தனம் தொட்டுவைத்து, தினமும் அறுகம்புல் கிள்ளிவந்து போட்டாள்.

அந்த நாட்களில் அம்மா உயிரோடு இருந்தது இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டுதான். ஒன்று அந்தப் பிள்ளையார். இன்னொன்று ஒரு வாக்கியம். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்வாள்: “நோவு நொடி இல்லாம, தூக்கத்துலயே போயிட்டான் சாமி.” வந்தவர்களும், அது கொடுத்துவைத்த சாவு என்பார்கள். அவள் தலையை ஆட்டிக்கொள்வாள். பிறகு எழுந்துபோய் வந்தவர்களுக்குக் காபி வைப்பாள். நான் அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை கேட்டுச் சலித்திருக்கிறேன். ஆனால் அதைச் சொன்ன நாளில்தான் அவள் ஒரு வாய் சோறு சாப்பிட்டாள்.

தை மாதம் முள்ளுக்குறிச்சியிலிருந்து அத்தை வந்தாள். என் அப்பாவின் தங்கை. மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தவள், முகத்தைக் கழுவிவிட்டுக் கும்பிடப் போனாள். கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. பிள்ளையாரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க அண்ணி, பின்னங்கால் ஒண்ணக் காணமே. ஒடஞ்சு போயிருக்குதே.”

குந்திய வாக்கில் இருந்ததால் அதுவரை எங்கள் கண்ணில் படாதது அது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“பின்னமான சாமிய ஊட்டுல வெக்கலாமுங்களா? வெச்சுக் கும்புட்டா குடும்பத்துக்கு ஆகாதுங்களே. இதத் தலமாட்டுல வெச்சுத்தான் பையன் படுத்திருந்தான்னு சொன்னீங்க?” என்று கேட்டவள், அதோடு நிறுத்தாமல், “அதான் போல” என்றாள்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை இப்போதும் எழுத முடியவில்லை. “அத்தை, வாயக் கழுவுங்க” என்று கத்திவிட்டேன். அவள் நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று மூக்கைச் சிந்தினாள். மத்தியான பஸ்ஸுக்கே அவளை அனுப்பிவைத்தேன். அனுப்பி என்ன செய்ய, சொன்னது அம்மா காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. அலமாரியிலிருந்து பிள்ளையாரை எடுத்து மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப் பானைமேல் வைத்தாள். “ஐயாத்துல உட்டுட்டு வாரேன். வெள்ளிக்கெழம போறேன்” என்றாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்தாள். மிளகு பறிக்க ஆள் வந்தபோது கூலிப்பேச்சுக்குக்கூட வெளியே வரவில்லை. நான் தட்டோடு போய் நின்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

“நாந்தானே கும்புடு கும்புடுன்னு அவன் உசுர வாங்குனேன்?” என்றாள் ஒரு காலையில். “என்ற தொல்ல தாங்காம எங்கயோ தேடிப் புடிச்சிருக்கான். காலு ஒடஞ்சிருக்குதுன்னு பாக்கத் தெரியல அவனுக்கு. நாஞ் சொல்லாம இருந்திருந்தா அது அவன் தலமாட்டுக்கு வந்திருக்குமா? எம் பையன நாந்தான் கொன்னுட்டேன்.”

“பைத்தியமாட்டம் பேசாதீங்கம்மா” என்றேன். அப்பா போனபோதுகூட அவள் இப்படிச் சோற்றை ஒதுக்கியதில்லை. இவளும் போய்விட்டால் இந்த மலையில் எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்ற பயம், சொல்ல வெட்கமாக இருந்தாலும், அப்போது முதலில் வந்தது. அந்தக் கால் பையில் வரும்போதுதான் உடைந்தது என்று யாராவது சொன்னால் போதும், அம்மா பிழைத்துவிடுவாள் என்று தோன்றியது. பலா மரத்தடிக்குப் போய் அந்தப் பையனுக்குப் போன் செய்தேன்.

“இல்லீங்க அக்கா, வாங்கறப்பவே கால் கெடையாது” என்றான். “அங்க ஒரு கோயிலுப் பக்கத்துல பழைய சாமான் சந்தை போடுவாங்க. நம்ம சேந்தமங்கலத்துச் சந்தையாட்டந்தான். கால் ஒடஞ்சதுன்னு யாரும் எடுக்காம ரொம்ப நாளாக் கெடந்துச்சு. பாவமா இருக்குதுன்னு அண்ணன் எடுத்தாருங்க.”

“பிள்ளையார் செலைய அந்த ஊர்லயும் விக்கறாங்களா?”

“அன்னைக்கு அம்மா அழுததப் பாத்துச் சொல்ல வாய் வரலீங்க. அது பிள்ளையார் இல்லீங்களே அக்கா.”

அப்புறம் அவன் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும். அந்தப் பொம்மைகளுக்கு நெட்சுகே என்று பெயராம். அந்தக் காலத்தில் ஜப்பான்காரர்கள் உடுத்திய அங்கிக்குப் பை கிடையாது. காசுப் பை, மருந்துச் சிமிழ் எதுவானாலும் கயிற்றில் கட்டி இடுப்புக் கச்சையில் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவி விழாமல் இருக்க அதன் மேல்நுனியில் கோக்கிற குண்டுதான் இது. ஓட்டைகள் கயிறு போவதற்கு. அதில் தங்களுக்குப் பிடித்த கதைப் பிராணிகளைச் செதுக்கிக்கொண்டார்கள். அலகுள்ளது காட்டில் திரியும் ஒரு பூதம். ஓடுள்ளது ஆற்றில் இருந்துகொண்டு ஆளை இழுப்பது, ஆமையே இல்லை.

“அந்தத் தும்பிக்கை வெச்சது?”

“அது கெட்ட கனவத் திங்கறதுங்க அக்கா. யானை மூக்கு, புலிக்கால், மாட்டுவால் எல்லாம் சேத்து ஒரு மிருகம். கெட்ட கனவு கண்டு முழிச்சா, அதைக் கூப்புட்டு இந்தக் கனவத் தின்னுடுன்னு சொல்லோணுமாம். அண்ணன் வெளையாட்டுக்குத்தான் வாங்குனாரு. அப்புறம் அது இல்லாம படுக்கறதே இல்லீங்க.”

“அவனுக்கு என்ன கெட்ட கனவு?”

“தெரியலீங்க அக்கா. கத்திக்கிட்டு எந்திரிப்பாரு. எந்திரிச்சு உக்காந்து வேர்த்துப் போயிருப்பாரு. என்னன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டு மழுப்பிருவாரு. டாக்டர்கிட்டப் போலாம்னாலும் வரல. ஊட்டுல சொல்லிராதேன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாரு. அதான் அன்னைக்கு உங்க வாசல்ல என்னால நிக்கவே முடியல.”

கடைசி நாளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. “அதுக்கு ஏதாவது பேரு இருக்குதா?” என்று மட்டும் கேட்டேன். சொன்னான். அந்தப் பெயரை அந்த ஊரில் கொஞ்சம் குறுக்கி, முதலெழுத்தை அழுத்திச் சொல்கிறார்கள். எங்கள் பலா மரத்தடியில், சாரலில், அறுந்து அறுந்து வரும் போனில் அது பாக்கு என்றுதான் கேட்கும்.

திரும்பி வரும்போது எனக்குள் ஓடிய கணக்கு சின்னதுதான். சாமி இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். சாமி இல்லையென்றால் பின்னம் இல்லை, பின்னம் இல்லையென்றால் அம்மா மேல் பழி இல்லை. மற்றது என்னோடு இருக்கட்டும். கெட்ட கனவையும் அந்தப் பெயரையும் விழுங்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தேன்.

அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தார்ப்பாயில் மிளகு காய்ந்தது. புடைக்கவில்லை, சும்மா முறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அது சாமியே இல்லியாம்மா. ஜப்பான்காரங்க இடுப்புல கட்டிக்கற குண்டாம். உங்க சுருக்குப்பையாட்டம் ஒரு பைக்கு. பிள்ளையாரும் இல்ல, பின்னமும் இல்ல. அத்தை ஒளறிட்டுப் போயிருக்கறா.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நெசமாலுமா?”

“உங்க மேல சத்தியம். அந்தப் பையன்கிட்ட இப்பத்தான் பேசுனேன்.”

உள்ளே போய் அந்த மஞ்சள் முடிச்சை எடுத்துவந்து அவிழ்த்தாள். பொம்மையைப் புரட்டி ஓட்டைகளைப் பார்த்தாள். விரலை வைத்துத் தடவினாள். அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. அப்பாடா என்று நானும் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தேன். தட்டைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன்.

“அப்ப அத எதுக்குத் தலகாணிக்கு அடியில வெச்சிருந்தான்?” என்றாள்.

“பொம்மைதானே, வெச்சிருப்பான்.”

“சின்னப் புள்ளையா அவன், பொம்மைய வெச்சுட்டுப் படுக்க? மத்த ரெண்டையும் டப்பாவுலதானே வெச்சிருந்தான்?”

நான் குனிந்து தார்ப்பாயில் மிளகைக் கிளறினேன். அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் தெரியாதே தவிர, என் முகம் நன்றாகத் தெரியும். “அந்தப் பையன் இன்னும் என்னமோ சொல்லியிருக்கறான். சொல்லு கண்ணு” என்றாள்.

“கதையில வர்ற மிருகமாம்மா. பூச்சாண்டியாட்டம்.”

“அதுக்குப் பேரு இருக்குமே.”

அவள் சிரித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் சொன்னேன். “பேரு பாக்காம்மா. வெத்தல பாக்குப் பாக்கு.”

அவள் சிரிக்கவில்லை. முறத்தை மெல்லக் கீழே வைத்தாள். பலா மரத்தடியைப் பார்த்தாள். சாரல் நாளில் அவன் சொன்னதை நான் நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் அவள் கொண்டுவந்துவிட்டாள்.

“பாக்கு வாங்கியிருக்கேன்னு சொன்னானே” என்றாள். “இப்பப் பரவால்லன்னு சொன்னானே. எது பரவால்லன்னு சொன்னான்? அந்த மிருகம் என்ன பண்ணும்?”

சொன்னேன். அவள் கேட்டால் எனக்கு மறைக்க வராது. கெட்ட கனவைத் தின்னும் என்றேன். கத்திக்கொண்டு எழுந்ததைச் சொல்லவில்லை, வேர்த்ததைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

“அப்ப எம் பையனுக்குக் கெட்ட கனவு வந்துட்டே இருந்திருக்குது” என்றாள். “நா அவனச் சோறு தின்னயான்னுதான் கேட்டேன். தூங்குனயான்னு ஒரு நாளுங் கேக்கல. அவனாச் சொல்ல வந்தப்ப, பல்லு போயிருமுன்னு வைஞ்சேன்.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் போனில் கேட்காமல் விட்டதைக் கேட்டாள்.

“தூக்கத்துலதானே போனான் கண்ணு? அப்ப அன்னைக்கும் வந்திருக்குமா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவள் பொம்மையை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். “அன்னைக்கு மட்டும் ஏன் திங்காம உட்ட?” என்று கேட்டாள். கோபம்கூட இல்லை. தவிட்டுத் தண்ணியை மீதம் வைத்த மாட்டிடம் கேட்பாளே, அதே குரல்தான்.

வெள்ளிக்கிழமை அவள் ஆற்றுக்குப் போகவில்லை. சுருக்குப்பையின் கயிற்றை அவிழ்த்து அந்த இரண்டு ஓட்டைகளிலும் விட்டுக் கோத்து முடிந்துகொண்டாள். பையை இடுப்பில் செருகினால் அந்தக் கால் உடைந்த மிருகம் வெளியே தொங்குகிறது. சாப்பிடுகிறாள், மாட்டைப் பார்த்துக்கொள்கிறாள். துக்கம் கேட்க இப்போதும் யாராவது வந்தால், தூக்கத்தில் போனது கொடுத்துவைத்த சாவு என்று அவர்கள் ஆரம்பிக்கும்போதே எழுந்து உள்ளே போய்விடுகிறாள். நோவு நொடி இல்லாமல் என்ற வார்த்தை அவள் வாயில் அதற்குப் பிறகு வரவே இல்லை. அது போகக் காரணம் நான்தான், வேறு வழியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போதெல்லாம் காலையில் நான் கதவைத் திறந்துகொண்டு வரும்போது அவள் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். காபி குடிக்கிறாயா என்று கேட்பதில்லை. “தூங்குனயா கண்ணு? கனவு கினவு ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டு இடுப்பில் தொங்கும் மிருகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள்.

இன்றைக்கும் கேட்டாள். விடியற்காலையில் தம்பி பலா மரத்தடியில் நின்று என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் வாய் அசைவது தெரிந்தது, ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்கவில்லை. அதோடு விழித்துக்கொண்டேன்.

“நல்லாத் தூங்குனேம்மா” என்றேன்.